புகழக் கூடாத கட்டடம்

சிப்பிமேட்டில் நிழல் என்று ஒன்று இருந்ததே இல்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளைப் பாத்திகளாகக் கிடக்கும் அந்த உப்பளத்தில் மரம் வைத்தால் உப்பு தின்றுவிடும், பந்தல் போட்டால் காற்று தின்றுவிடும், அங்கே உப்பு வாரும் பெண்களோ தங்கள் நிழலில் தாங்களே ஒதுங்க முடியுமா என்று வருஷக்கணக்கில் முயன்று பார்த்துத் தோற்றவர்கள். அப்படிப்பட்ட இடத்தில் பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லாத நேரத்தில், கிழக்குப் பாத்திகளின் மேல் ஈபிள் கோபுரத்தின் நிழல் நீட்டிப் படுத்திருந்தது. கோபுரம் இல்லை. நிழல் மட்டும்தான் வந்திருந்தது.

அது இன்னது என்று சொன்னவர் மரியதாஸ். முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்ந்து, இப்போது உப்பளத்தின் குடிதண்ணீர்த் தொட்டிக்குக் காவல் இருப்பவர். நிழலைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "இது பாரீசுல நிக்குது. இதுக்கு அடியில நின்னு நான் கடலை வாங்கித் தின்னுருக்கேன்" என்றார். பெண்கள் உப்பு இழுக்கும் பலகைகளைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்ததால் முகத்தில் பாதிக்கு வெயிலும் பாதிக்கு நிழலுமாக விழுந்தது, அவ்வளவுதான் குறை.

அதற்கு அடுத்த நாள் ரோமாபுரியின் வட்ட அரங்கு வந்தது, அதற்கு அடுத்த நாள் கொலோன் நகரத்து இரட்டைக் கோபுர தேவாலயம் வந்தது, பிறகு ஏதென்சின் தூண் கோயிலும் பைசாவின் சாய்ந்த கோபுரமும் லண்டனின் குவிமாடமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கல்யாண வீட்டில் பந்திக்கு இடம் பிடிப்பதுபோல ஆளுக்குப் பத்துப் பாத்தி பிடித்துக்கொண்டன. ஏன் வந்தன, எப்படி வந்தன என்று கேட்டவர்கள் இரண்டு நாள் கேட்டார்கள். மூன்றாம் நாள் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். ஒரு வாரம் போனதும் எது உசத்தி என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

"கொலோனுக்கு மேல கட்டடம் கிடையாது. அறுநூறு வருசத்துக்கு மேல ஆச்சு கட்டி முடிக்க. அந்த நிழலோட கனத்தப் பாருங்க" என்றார் மரியதாஸ்.

"கனத்த வச்சு என்ன செய்ய? ரோமாபுரியில வளைவு வளைவா வச்சிருக்கான். ஆளுக்கு ஒரு வளைவு, சண்டையில்ல சச்சரவில்ல. கட்டுனவன் பொம்பளைகளப் பத்தி யோசிச்சிருக்கான்" என்றாள் ஞானப்பூ. அவள் உப்பளத்திலேயே வாய்க்காரி. யாரும் அவளிடம் மறுத்துப் பேசி மீண்டதில்லை.

தூண் கோயிலுக்கும் ஆள் இருந்தது. கூரை இடிந்த கட்டடத்துக்கு என்ன பெருமை என்று கேட்டவர்களிடம், இரண்டாயிரம் வருஷம் கழித்தும் கூரை இல்லாமலே பேர் வாங்குகிறதே, அது பெருமை இல்லையா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். பார்சிலோனாவின் தேவாலயம் வந்த அன்று அது புற்று மாதிரி இருப்பதாக ஒரு கட்சியும், அதை இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று மரியதாஸ் சொன்னதும் அப்படியானால் அது கட்டி முடியாத நம் பஞ்சாயத்து அலுவலகத்துக்குச் சொந்தம் என்று இன்னொரு கட்சியும் சொல்லிச் சிரித்தன.

இந்தச் சண்டையில் வாயே திறக்காதவள் சுயம்புக்கனி. அவள் எதிலுமே வாய் திறப்பதில்லை. அவள் புருஷன் சேர்மத்துரை இதே உப்பளத்தில் சுமை தூக்கிக்கொண்டிருந்தவன், இடது தோளில் உப்புப் பெட்டி சுமந்து சுமந்து அந்தத் தோள் இரண்டு விரற்கடை இறங்கிப்போனவன், ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு கப்பலில் வேலைக்குப் போனான். முதலில் போன் வந்தது, அப்புறம் வரவில்லை, அப்புறம் விசாரித்ததில் ஐரோப்பாவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கிப் போனவன் கப்பலுக்குத் திரும்பவில்லை என்று மட்டும் தெரிந்தது. எந்தத் துறைமுகம் என்றுகூட யாரும் சொல்லவில்லை. சுயம்புக்கனி அழவில்லை. மறுநாள் வழக்கம்போல உப்பு வாரப் போனாள். ஊரில் விசேஷ வீடுகளில் மஞ்சள் குங்குமத் தாம்பாளம் வரிசையாக வரும்போது அவள் முன்னால் மட்டும் ஒரு நொடி நிற்கும், நீட்டுவதா கூடாதா என்று தாம்பாளம் பிடித்தவளுக்குத் தெரியாது, சுயம்புக்கனிக்கும் தெரியாது. அதனால் அவள் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

மற்றவர்கள் காலில் உப்பு கடிக்கிறது, வெடிப்பில் இறங்கி உயிர் போகிறது என்று புலம்பும்போது அவள் சும்மா நிற்பாள். அவளுக்குக் கடிப்பதில்லை. ஒரு தடவை குதிகாலில் கண்ணாடிச் சில் ஏறி, வெள்ளை உப்பில் அவள் நடந்த வழியெல்லாம் சிவப்பாக ஆன பிறகு ஞானப்பூதான் கூப்பிட்டுச் சொன்னாள். அதற்கு வெகு முன்பே அந்தக் கால்கள் வேறு யாருடையவோ போல ஆகிவிட்டன.

அவள் வேலை பார்ப்பது கடைசிப் பாத்தியில். அங்கேயும் ஒரு நிழல் வந்திருந்தது. யாரும் அதைப் பார்க்க வரவில்லை, ஏனென்றால் அதில் பார்க்க ஒன்றும் இல்லை. நீளமான ஒரு தகரக் கூரை, ஒரு கதவு, ஒரு படி, பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம். மரியதாஸ் ஒரே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, "இது எந்த ஊருன்னு சொல்ல முடியாது தாயி. துறைமுகத்துக்குத் துறைமுகம் இப்படி ஒண்ணு கிடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

படியில் ஒரு ஆளின் நிழல் உட்கார்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் கட்டடத்தோடு சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டார். மடியில் பை. ஒரு காலில் செருப்பு, இன்னொரு கால் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேலேயே வைத்த மாதிரி. இடது தோள் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

சுயம்புக்கனி முதல் நாளே பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு நின்றாள். நெஞ்சில் ஏதாவது நடக்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பலகையை எடுத்து, அந்த நிழலை மிதிக்காமல் சுற்றிப்போய் அந்தப் பக்கமிருந்து உப்பை இழுக்க ஆரம்பித்தாள்.

சித்திரை பிறந்தபோது ஈபிள் கோபுரத்தின் உச்சி காணாமல் போயிருந்தது. வைகாசியில் இடுப்பு வரை போய், பிறகு ஒரு காலையில் அந்த இடத்தில் வெறும் வெயில் அடித்தது. அடுத்ததாக ரோமாபுரியின் மேல்வரிசை வெளிறியது. எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், ஞானப்பூதான் சரியாகப் பிடித்தாள்.

"கண்ணு பட்டுட்டு" என்றாள். "நாள் பூரா எது அழகு எது அழகுன்னு வாயப் பொளந்துகிட்டு உக்காந்திருந்தோம்லா. பின்ன என்ன ஆகும்?"

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் ஜெபம் பண்ணுகிறவள் கண்ணேறு பற்றிப் பேசலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஏசு வேறு, கண்ணு வேறு என்பது சிப்பிமேட்டில் எல்லாருக்கும் தெரியும். வழக்கம்போல உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுப் பார்த்தார்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் கண்ணேறு கழிக்க உப்பு அனுப்புகிறவர்களின் உப்பு அது, ஆனால் உப்பின் மேலேயே படுத்துக் கிடக்கும் நிழலுக்கு இன்னும் ஒரு பிடி உப்பைச் சுற்றினால் அதற்கு என்ன தெரியும்? பலிக்கவில்லை. பிறகுதான் பிள்ளை பெற்றவள் ஒருத்தி, அழகான பிள்ளையை நாம் என்ன செய்வோம், கன்னத்தில் மை வைப்போம், குப்பை என்றும் பிச்சை என்றும் பேர் வைப்போம், யாராவது உற்றுப் பார்த்தால் இந்தக் கருவாயனையா பார்க்கிறீர்கள் என்போம், அதையே செய்தால் என்ன என்று கேட்டாள்.

அன்றிலிருந்து சிப்பிமேட்டில் ஐரோப்பாவின் கட்டடங்களைத் திட்டுவது வேலையோடு வேலையாக ஆயிற்று. காலையில் வரும்போதே, "இதெல்லாம் ஒரு கோபுரமா, குடிச்சவன் மாதிரி சாஞ்சுகிட்டு" என்று பைசாவைத் திட்டினார்கள். குவிமாடத்தைக் கவிழ்த்த சட்டி என்றார்கள். கொலோனைத் திட்ட மரியதாசுக்கு மனசு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "முள்ளுக்காடு, முள்ளுக்காடு" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, அந்தப் பாவத்துக்குச் சிலுவை போட்டுக்கொண்டார். முன்பு எது உசத்தி என்று அடித்துக்கொண்டவர்கள் இப்போது எது மட்டம் என்று அடித்துக்கொண்டார்கள். தங்கள் கட்டடத்தைவிட இன்னொருத்தி கட்டடம் அதிகம் திட்டு வாங்கினால் பொறாமைப்பட்டார்கள். நிழல்கள் பழையபடி கறுத்துத் திடமாயின. பெண்களின் கண் எரிச்சல் குறைந்தது, முகத்துத் தோல் உரிவது நின்றது.

ஆனால் நிழலில் உப்பு விளையாது. பாத்தியில் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது. உப்பளத்தின் மேஸ்திரி பொன்னையா, தலையில் துண்டும் கையில் குடையுமாக வரப்பில் நடப்பவர், முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர், பத்து நாள் ஒளிந்து நின்று பெண்கள் திட்டுவதைக் கேட்டார். விஷயம் புரிந்ததும் ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் உப்பளத்தின் நடுவில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, பட்டிமன்றம் வைத்துவிட்டார். தலைப்பு: ஐரோப்பியக் கட்டடக் கலையில் விஞ்சி நிற்பது விண்ணை முட்டும் கோபுரமா, மண்ணைக் காக்கும் கூரையா? நடுவர் பேராசிரியர் குற்றாலநம்பி. எதை வேண்டுமானாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் புகழக் கூடியவர் என்று மூன்று மாவட்டத்தில் பேர் வாங்கியவர்.

பெண்களை முன்வரிசையில் உட்காரவைத்து, யாராவது வாயைத் திறந்து ஏசினால் நாளையிலிருந்து வேலை கிடையாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். கோபுரத்தின் கட்சியும் கூரையின் கட்சியும் மாறி மாறிப் பேசின. கல்லை மாவாகப் பிசைந்தவன் மனிதனா தெய்வமா என்று ஒருவர் கேட்டபோது கொலோனின் ஒரு கோபுரம் உருகியது. ஆணி இல்லாமல் அடிமை இல்லாமல் எழுந்த கலை என்று இன்னொருவர் வாய்க்கு வந்ததைச் சொன்னபோது, அது பொய்யாகவே இருந்தும்கூட, ஏதென்சின் தூண்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரியதாஸ் எழுந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டார். கோபுரமும் வேண்டும் கூரையும் வேண்டும் என்று நடுவர் தீர்ப்புச் சொன்னபோது உப்பளம் முழுக்க வெயில் அடித்தது. கைதட்டியவர் மேஸ்திரி மட்டும்.

"ஐயா, கடைசிப் பாத்தியில ஒண்ணு மிச்சம் இருக்கு. அதையும் ரெண்டு வார்த்தை புகழ்ந்துட்டுப் போயிருங்க" என்றார் அவர்.

அதை யாரும் புகழ்ந்ததும் இல்லை, ஏசியதும் இல்லை. நடுவர் நீளமான வயருள்ள மைக்கோடு போய், கூட்டமும் பின்னால் வந்து வரப்பில் உட்கார, தகரக் கூரையின் நிழலைச் சுற்றி வந்தார். மந்திரிகளைப் புகழ்ந்தவர், மந்திரிகளின் மாமனார்களைப் புகழ்ந்தவர், இதற்கு ஒரு வார்த்தை கிடைக்காமல் வியர்வையைத் துடைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"எளிமை" என்றார். "எளிமையே ஒரு பேரழகு."

விளக்குக் கம்பம் வெளிறியது. படியில் இருந்த ஆள் தலையைத் தூக்கினான்.

அப்போதுதான் சுயம்புக்கனி எழுந்தாள். கையில் பலகை இருந்தது. அவள் குரல் எப்படி இருக்கும் என்பதே பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது.

"அழகாம்ல அழகு" என்றாள். "ஒரு கதவு, அதையும் திறக்கத் துப்பில்ல. ஏழு வருசமாப் பூட்டியே கிடக்கு. உள்ள விளக்கு எரியுதா, ஆளு இருக்கா, ஒரு சத்தம் உண்டா? இருக்கேன்னு ஒரு வார்த்த உண்டா? செத்துட்டேன்னாவது ஒரு வார்த்த உண்டா? நான் பொட்டு வைக்கவா அழிக்கவான்னு எவன்கிட்டப் போயிக் கேக்க? தாம்பாளத்தக் கையில வச்சிக்கிட்டு ஊரே என் முன்னால முழிக்கி. இதுக்கு ஒரு கூரை. இதுக்கு ஒரு படி. வர்றவன வாங்கன்னு உள்ள கூப்பிடத் தெரியாது, போறவன வீட்டுக்குப் போன்னு அனுப்பத் தெரியாது, வெளியிலயே உக்கார வச்சிருக்கு. தூ, இது ஒரு கட்டடம்."

அவள் கத்தவில்லை. கூட்டிப் பெருக்குகிறவள் மாதிரி ஒரே சீராகச் சொல்லி முடித்தாள். ஞானப்பூவின் கண்கள் அந்தப் படியில் இருந்த ஆளின் இடது தோளுக்குப் போயின. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நிழல் சாயம் ஏறினாற்போலக் கறுத்தது. நடுவர் மைக்கை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தார். மேஸ்திரியும் மனிதன்தான். ஒரு பாத்தி போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அதன்பிறகு மற்றப் பாத்திகளில் உப்பு விளைந்தது, பெண்கள் மறுபடியும் வெயிலில் வெந்தார்கள், ஐரோப்பாவைப் பற்றி யாரும் பேசவில்லை. சுயம்புக்கனி மட்டும் தினமும் காலையில் வந்ததும் கடைசிப் பாத்தியின் வரப்பில் நின்று திட்டுவாள். வாசல் தெளிப்பது போல அது ஒரு வேலை ஆயிற்று. கோபமும் இல்லை, கண்ணீரும் இல்லை. பழைய வசவுகள் தீர்ந்தபோது புதிதாகச் செய்துகொண்டாள். வேறு பெண்கள் தங்கள் ஆட்களைப் பற்றி நினைத்துக்கொண்டு எட்ட நின்று கேட்பார்கள். ஆடியில் நிழல் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. ஆவணியில் தார் மாதிரி ஆயிற்று. அவளுக்கு அது போதும் என்றிருந்தது. இருக்கிறான் என்று நினைக்கத் தேவையில்லை, இல்லை என்று நினைக்கவும் தேவையில்லை, நிழல் இருந்தது.

புரட்டாசியில்தான் அவள் ஒன்றைக் கவனித்தாள். முன்பெல்லாம் அந்த ஆள் காலை மாற்றி வைப்பான், பிடரியைச் சொறிவான். இப்போது பகலெல்லாம் அசைவதே இல்லை. தினமும் சாயங்காலம் ஒரு பேருந்தின் நிழல் எங்கிருந்தோ வந்து விளக்குக் கம்பத்தின் பக்கத்தில் நிற்கும், கதவு திறக்கும், அவன் எழுந்திருக்கப் பார்ப்பான், எழ முடியாது. தார் பிடித்துக்கொண்டிருந்தது. பேருந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடும். அவன் பையை மறுபடியும் மடியில் இழுத்து வைத்துக்கொள்வான்.

அவன் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, காத்திருந்தான். போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது அவளுடைய வாய். இது தெரிந்த பிறகும் அவள் பதினோரு நாள் திட்டினாள்.

ஐப்பசி பிறந்தது. கடல் பக்கம் மேகம் ஏறியது. உப்பு அம்பாரங்களை ஓலை போட்டு மூடும் வேலை நடந்துகொண்டிருந்தது. மழை இறங்கினால் வெயில் இல்லை, வெயில் இல்லாவிட்டால் நிழலும் இல்லை, இனி தை கழிந்துதான் எல்லாம். அன்று சாயங்காலம் கடைசியாகக் கொஞ்சம் வெயில் அடித்தது. சுயம்புக்கனி கடைசிப் பாத்திக்குள் இறங்கினாள். ஓலையைச் சுமந்து வந்த ஞானப்பூ வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

"படி நல்லாருக்கு" என்றாள் சுயம்புக்கனி.

"ஏட்டி கனி, வாய மூடு. போயிரும்."

"போகட்டும் மைனி."

பேருந்தின் நிழல் வந்துகொண்டிருந்தது. சுயம்புக்கனி ஏழு மாதத்தில் முதல் தடவையாக அந்த நிழலுக்குப் பக்கத்தில் போய், அதன் தோளைக் குனிந்து பார்த்தாள்.

"கூரையும் நல்லாத்தான் இருக்கு. ஒழுகாது. கதவும் நல்ல மரம். இதுல உக்காந்திருந்த ஆளும் நல்ல ஆளு, ஊர்ல ஒருத்தரும் அவர மாதிரிச் சுமை தூக்கல." திரும்பிப் பேருந்தின் நிழலைப் பார்த்தாள். "செருப்பப் போட்டுக்கிடுங்க. வண்டி வந்துட்டு."

கூரை வெளிறியது. கம்பம் போயிற்று. அந்த ஆள் காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தான். நின்றபோதுதான் அவன் எவ்வளவு மெலிந்திருந்தான் என்பது தெரிந்தது. பையை இடது தோளில் போட்டான். பேருந்தின் நிழலுக்குள் அவன் நிழல் போனபின் எது யார் என்று பிரிக்க முடியவில்லை. அது பாத்தியைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, ஓலை மூடிய அம்பாரங்களின் மேல் ஏறி இறங்கிப் போயிற்று. எந்த ஊருக்கு என்று அதில் எழுதியிருக்கவில்லை.

வெறும் பாத்தியில் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஞானப்பூ ஓலையைப் போட்டுவிட்டு இறங்கி வந்து அவள் கையைப் பிடித்தாள். சுயம்புக்கனி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். ஒரு காலைத் தூக்கினாள், தாங்காமல் இறக்கினாள், மற்றதைத் தூக்கினாள்.

"எரியுது மைனி" என்றாள். "காலு எரியுது."